மாதிரி மையத்து வாத்து

மன்னவனூர் பேருந்து பூம்பாறை வளைவில் திரும்பும்போது முருகானந்தம் பேசிக்கொண்டிருக்கும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுக் கைப்பேசியைக் கையில் எடுத்துவிடுவார். அந்த இடத்தில்தான் சிக்னல் கிடைக்கும். மன்னவனூர்ப் பிள்ளைக்குப் பரிசோதனை எப்போது என்று ஆஸ்பத்திரிப் பக்கம் கேட்பார். பள்ளிக்கூடப் பக்கம் கேளுங்கள் என்பார்கள். பள்ளிக்கூடப் பக்கம் கேட்டால் உதவித்தொகை கொடுக்கிற அலுவலகத்தைக் கைகாட்டுவார்கள். அங்கே எடுக்கிறவர், அதற்குத்தானே சார் உங்களைப் போட்டிருக்கிறது என்பார். அடுத்த வளைவு வந்து சிக்னலும் போய்விடும். முருகானந்தம் பக்கத்து இருக்கைக்காரரிடம் திரும்பி, "சோலி முடிஞ்சதுங்க. சுத்திச் சுத்தி எங்கிட்டயே வந்து சேந்துருச்சு" என்பார். முட்டைக்கோஸ் மூட்டையைக் காலால் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த மனிதருக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் மரியாதைக்குச் சிரித்து வைப்பார்.

மலைமேல் இருக்கிற ஆட்டிசம் பிள்ளைகளுக்கு எந்தத் துறை எந்த உதவியைச் செய்தாலும் அதை ஒருங்கிணைப்பது அவர் உத்தியோகம். ஒப்பந்த வேலைதான். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். வெயிலில் வளர்ந்த உடம்பு. மேலே வந்து எத்தனையோ வருடமாகியும் குளிர் பழகவில்லை. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, அதற்கும் மேல் மப்ளரைச் சுற்றிக்கொண்டு அவர் நாயுடுபுரம் ஏற்றத்தில் வருவதைப் பார்த்தால், வெளியூர்க்காரர் என்று நினைத்து லாட்ஜ் தரகர்கள் கூடவே நடப்பார்கள். அவர்களையும் ஏமாற்ற மனமில்லாமல் ரூம் வாடகை விசாரித்துவிட்டுத்தான் போவார்.

மாதம் ஒருமுறை அவர் கூட்டும் ஒருங்கிணைப்புக் கூட்டத்தைப் பற்றி அவரே சொல்லித்தான் கேட்க வேண்டும். வரவேண்டியவர்கள் வரமாட்டார்கள், வந்தவர்களுக்கு எதற்கு வந்தோம் என்று தெரியாது. "எல்லாத் துறையும் ஒரே மனசா ஒத்துப்போறது போண்டாவுலதாங்க. அதையும் சூடா வாங்கியாரணும்" என்பார். ஆட்டிசத்துக்கு அரசாங்கம் தமிழில் வைத்த பெயர் புற உலகச் சிந்தனையற்றவர். அந்தப் பெயரில் அவருக்கு ஒரு மனக்குறை உண்டு. பிள்ளைகளுக்கு அது பொருந்தவில்லை, கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வராதவர்களுக்கும், அவர்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிற தனக்கும்தான் பொருந்துகிறது என்பார். வீட்டில் மனைவிக்கும் மகளுக்கும் சண்டை வந்தால் இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் மட்டும் உடனே ஒன்றுசேர்ந்து விடுவார்களாம்: இவரை ஒருங்கிணைக்க விடக்கூடாது.

ஆனால் மனிதருக்கு ஒன்று மட்டும் நன்றாகத் தெரியும், அதைப் பிள்ளைகளின் பெற்றோரிடம் வாய் வலிக்கச் சொல்வார். இந்தப் பிள்ளைகளுக்கு நேற்று இருந்தது இன்றைக்கும் இருக்கவேண்டும். தட்டை மாற்றாதே, போகிற வழியை மாற்றாதே, தலையணை உறையைக்கூடக் கேட்காமல் மாற்றாதே. மன்னவனூர் ஆனந்தி ஒருமுறை மகளின் பழைய சிவப்புத் தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எவர்சில்வர் தட்டு வாங்கிவிட்டாள். பிள்ளை இரண்டு நாள் சாப்பிடவில்லை. முருகானந்தம் வீட்டு வாசலில் நின்று அவளை ஒரு பிடி பிடித்துவிட்டு, கடை கடையாய் ஏறி இறங்கி அதேபோல் ஒரு சிவப்புத் தட்டு வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தார்.

அந்தப் பிள்ளையின் பெயர் தேவசேனா. பேச்சு வரவில்லை. ஆனந்தி கேரட் தோட்டத்தில் கூலி வேலைக்குப் போகிறவள். செவ்வாய்க்கிழமை மட்டும் வேலையை விட்டுவிட்டு, வெள்ளனே எழுந்து மகளை நாயுடுபுரத்துத் தெரபி அறைக்குக் கூட்டிவருவாள். பழைய ஓட்டுக் கட்டடத்தில் ஓர் அறை, ஒரு பாய், கொஞ்சம் பொம்மைகள், தெரபிஸ்ட் லாவண்யா. இவ்வளவுதான் மையம். வந்த புதிதில் தேவசேனா காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். பிறகு ஒருநாள் அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஜன்னலுக்குக் கீழே ஈரம் ஏறிச் சுண்ணாம்பு உரிந்துகிடந்த மூலைக்குப் போவாள். ஒரு செதிலை நகத்தால் பெயர்த்தெடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்வாள். இன்னொன்றைப் பெயர்ப்பாள். கை நிறைந்ததும் பாயில் வந்து உட்கார்ந்துவிடுவாள். அப்படி உட்காரத் தொடங்கி ஒரு வருடத்துக்குப் பிறகு, தாகம் எடுத்தபோது லாவண்யாவின் கையைப் பிடித்துத் தண்ணீர்க் குடத்துப் பக்கம் இழுத்தாள். பிறந்ததிலிருந்து அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. ஆனந்தி அன்றைக்குப் பேருந்து நிலையம் வரை அழுதுகொண்டே போனாள்.

இந்தச் சமயத்தில்தான் ஆய்வு என்று தகவல் வந்தது. மலைமேல் இருக்கிற சின்னச் சின்ன அறைகளை மூடிவிட்டு எல்லாவற்றையும் கீழே சமவெளி மையத்தோடு சேர்த்துவிடலாமா என்று பார்க்கச் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி அம்மா வருகிறார். கீழே போய்வருவது மன்னவனூருக்கு ஒரு முழுநாள். மலைப்பாதையில் தேவசேனாவுக்கு வாந்தி நிற்காது. கீழே வரச் சொன்னால் நாங்கள் நின்றுவிடுவோம் சார் என்று ஆனந்தி சொல்லிவிட்டாள். முருகானந்தத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆய்வு என்றால் என்ன செய்வது என்று அரசாங்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளையடிப்பதுதான். பெயின்டர் சின்னச்சாமியைப் பிடித்து, அறை முழுக்க ரோஸ் நிறம் அடிக்கச் சொன்னார். உரிந்துகிடந்த மூலைதான் அவர் கண்ணை முதலில் உறுத்தியது. அதன்மேல் பெரிதாக ஒரு மஞ்சள் வாத்து வரையச் சொன்னார். அந்த மூலையை மட்டும் விட்டுவிடுங்கள் சார் என்று லாவண்யா இரண்டு தடவை கேட்டாள். "ஆபீசருங்க மொதல்ல பாக்குறதே மூலையத்தாம்மா" என்று சொல்லிவிட்டுப் பலூன் வாங்கப் போய்விட்டார். ஈரச் சுவரைச் சுரண்டிவிட்டு அடிக்க நேரம் இல்லை. சின்னச்சாமி வெரசாக மேலேயே அடித்துவிட்டான்.

வியாழக்கிழமை அதிகாரி அம்மா வந்தார். சால்வை போட்டார்கள். வாத்துக்கு முன்னால் நின்று எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். அன்று வரச் சொன்ன இரண்டு பிள்ளைகளும் பலூனைப் பார்த்துக் குஷியாக இருந்தார்கள். அம்மாவுக்கு ரொம்பத் திருப்தி. இந்த அறையை மூடவேண்டாம், இதுதான் மாதிரி மையம், சுவரைக்கூடத் தொடாமல் இப்படியே வைத்திருங்கள், மற்ற மாவட்டத்துக்காரர்கள் அடுத்த மாதம் பார்க்க வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். முருகானந்தம் பூரித்துப்போய்த் தன் காசில் எல்லாருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை தேவசேனா வந்தாள். வாசல்வரை ஓடிவந்தவள் நிலைப்படியில் அப்படியே நின்றாள். உள்ளே பார்த்தாள். காதைப் பொத்திக்கொண்டு, வந்த புதிதில் கத்தியதுபோல் கத்தத் தொடங்கினாள். பலூன்களை அவிழ்த்தார்கள். ஜன்னலைத் திறந்துவைத்துப் பெயின்ட் வாசனையைப் போக்கினார்கள். பழைய பாயைக் கொண்டுவந்து விரித்தார்கள். அவள் உள்ளே வரவில்லை. அடுத்த செவ்வாயும் வாசலோடு நின்றுவிட்டாள், அதற்கடுத்த செவ்வாயும் அப்படியே. லாவண்யா வாசல்படியிலேயே பொம்மைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். பிள்ளை அவள் கையைத் தொடவே இல்லை.

"அவளுக்கு இது வேற ரூம் சார்" என்றாள் லாவண்யா.

முருகானந்தம் அதைக் கேட்டுச் சிரிக்கத்தான் பார்த்தார். "ஒரு தட்டை மாத்துனதுக்கு அந்தத் தாயப் புடிச்சு வையி வையின்னு வஞ்சேன். நான் ரூமையே மாத்திப்புட்டேன். என்னைய வைய ஒரு ஒருங்கிணைப்பாளர் இல்ல பாத்தியாம்மா" என்றார். சொல்லிவிட்டு மப்ளரால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தன்னைக் கிண்டல் செய்தால் எப்பேர்ப்பட்ட தப்பும் கொஞ்சம் லேசாகிவிடும் என்பது அவர் அனுபவம். இந்தத் தடவை லேசாகவில்லை.

போன செவ்வாய் ஆனந்தி ஒரு முடிவோடுதான் வந்தாள். தேவசேனா வழக்கம்போல் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். கோபமாகப் பேசியிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பார். அவள் சங்கடத்தோடு, அவர் மனம் நோகக்கூடாதே என்பதுபோல் பேசினாள்.

"நீங்க எங்களுக்காகத்தான் செஞ்சீங்க சார். ஆனா புள்ள இங்க வந்து கத்திக்கிட்டே நிக்குறதுக்கு, வீட்லயே கெடக்கட்டும். இனிமே வரலைங்க."

முருகானந்தம் கொஞ்ச நேரம் நிலைப்படியையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்தார். சுவரைத் தொடக்கூடாது என்கிற உத்தரவு அவருக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. ஒப்பந்தக்காரரை வீட்டுக்கு அனுப்ப அதைவிடச் சின்னக் காரணமே போதும். மற்ற மாவட்டத்துக்காரர்கள் வர இன்னும் சில நாள்தான் இருந்தது. அவர் ஒரு ஸ்வெட்டரைக் கழற்றி ஜன்னலில் போட்டுவிட்டு, மையத்துச் சாவியை எடுத்துக்கொண்டு, மூலையில் வாத்துக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"சார், படம் எடுத்துட்டுப் போயிருக்காங்க. கேப்பாங்க" என்றாள் லாவண்யா.

"கேட்டா, வாத்து பறந்து போச்சுன்னு எழுதிர்றேன்மா. நான் எழுதுனத யாரு என்னைக்குப் படிச்சா?"

சாவி முனையால் வாத்தின் அலகைக் கீறினார். ஈரத்தின்மேல் அவசரமாக அடித்த பெயின்ட். ஒரு கீறலிலேயே கொப்புளம்போல் எழும்பி, அடியில் இருந்த பழைய சுண்ணாம்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு உதிர்ந்தது. அலகு போயிற்று; கண் போயிற்று. தரையில் மஞ்சளும் வெள்ளையுமாகச் சிதறியது. அவர் தும்மிக்கொண்டே சுரண்டினார்.

வாசலில் கத்தல் நின்றிருந்ததை லாவண்யாதான் முதலில் கவனித்தாள். அவள் ஆனந்தியைப் பார்த்து, அசையாதே என்று கண்ணைக் காட்டினாள். தேவசேனா காதிலிருந்து ஒரு கையை எடுத்திருந்தாள். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிலைப்படியைத் தாண்டி, பாயை மிதிக்காமல் ஓரமாகவே நடந்து, முருகானந்தத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சைக்கூட மெதுவாக விட்டார். வாத்தின் கழுத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பட்டையை, அவள் நகத்துக்கு அகப்படுகிற அளவுக்கு ஓரத்தில் மட்டும் கிளப்பிவிட்டு, கையை எடுத்துக்கொண்டு சற்று நகர்ந்து உட்கார்ந்தார்.