ரேடியோ பெயர் போட்ட திருத்தம்

தங்கை இதுவரை ஜெயித்தவை இவை. ஒரு கால் செருப்பு கழன்று போன பிறகும் ஓடி முடித்த பள்ளிப் பந்தயத்தில் இரண்டாம் இடம். கால் தரையில் எட்டாத ஸ்கூட்டரில், சோதனை செய்தவர் தலையில் அடித்துக்கொண்ட பிறகும் வாங்கிய ஓட்டுநர் உரிமம். பூனை கூடவே கூடாது என்ற வீட்டுச் சொந்தக்காரரிடம் பூனை வளர்க்க அனுமதி; இப்போது அந்தப் பூனைக்கு மீன் வாங்கி வருவதே அவர்தான். கடைசியாக, இணையச் செய்தியாளர்களுக்கான போட்டியில் மூன்றாம் பரிசு. முதல் இரண்டு பரிசு வாங்கியவர்களுக்குப் பின்னால் பெரிய பெரிய அலுவலகங்கள் இருந்தன. இவளுக்குப் பின்னால் இருந்தது ஒரு தையல் கடை.

அக்காவுக்கு வேலை மருந்துக் கடையில். படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. ஆனால் டாக்டர் சீட்டையும் கையிலிருக்கும் மாத்திரையையும் இரண்டு முறை ஒப்பிடாமல் எதையும் கொடுக்கமாட்டாள். தங்கையைப் பற்றிப் பேசும்போதும் அதே கணக்குத்தான். “எழுதுவா” என்று யாராவது சொன்னால், “விசாரிச்சு எழுதுவா” என்று திருத்துவாள்.

தங்கைக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். சின்ன வயதில் எந்த வீட்டில் என்ன சண்டை என்பதை அடுப்படிக்கு வருவதற்குள் பாதி ஒலிபரப்பியிருப்பாள். வளர்ந்த பிறகு பகலெல்லாம் சலவைக் கடையில் துணி வாங்கி வைக்கும் வேலை. மிச்ச நேரத்தில் ஒரு வட்டாரச் செய்தித் தளத்துக்கு எழுதினாள். அந்தத் தளத்தை நடத்துபவர், பழைய துணிகளை ஆளுக்கேற்றபடி மாற்றித் தைத்துத் தரும் டெய்லர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். கடையில் ஒரு பக்கம் தையல் மிஷின், எதிர்ப் பக்கம் கம்ப்யூட்டர், நடுவே சுழல் நாற்காலி. இப்படித் திரும்பினால் டெய்லர், அப்படித் திரும்பினால் ஆசிரியர்.

யார் எழுதினாலும் ‘நமது நிருபர்’ என்றுதான் மாஸ்டர் போடுவார். “பேரைப் போட்டா சண்டைக்கு வீடு தேடி வருவாங்கம்மா. நிருபர்னு போட்டா யாரைத் தேடுவாங்க?”

போட்டிக்கு அனுப்பிய செய்தி, அக்காவும் தங்கையும் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்டைப் பற்றியது. அது நின்று மாதக் கணக்காகியிருந்தது. மேல்மாடியில் இடுப்பொடிந்த தபால்காரர், கயிற்றில் கூடையை இறக்கிக் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தார். முட்டிவலிக்காரர்கள் மாடிக்கு மாடி நாற்காலி போட்டு உட்கார்ந்து ஏறினார்கள். ரேடியோ கதவு கதவாகத் தட்டிக் கேட்டு எழுதினாள். செய்தி தளத்தில் வந்தது. அன்றே போட்டிக்கும் போயிற்று.

போட்டிக்கான கெடு முடிந்த மறுநாள், குடியிருப்பின் செக்ரட்டரி மருந்துக் கடைக்கு வந்தார். வலிக்குத் தடவும் தைலம் கேட்டார். வாங்கிக்கொண்டும் நகரவில்லை.

“உன் தங்கச்சி என் வீட்டு சோபாவுல உட்கார்ந்து நான் சொன்னதெல்லாம் எழுதிக்கிட்டுப் போனா. அதெல்லாம் எங்கம்மா போச்சு? லிஃப்டைச் சரி பண்ணாம விட்டது நான்தான்னு, படியில என்னைப் பார்த்தா ஜனங்க முகத்தைத் திருப்பிக்கிறாங்க.”

“அவ எழுதாம விடமாட்டாளே சார்.”

“நீயே படிச்சுப் பாரு.”

அக்கா படித்தாள். தங்கை எழுதி வைத்திருந்ததை வாங்கி, வரிக்கு வரி ஒப்பிட்டாள். கடைசிப் பத்தியைக் காணோம். லிஃப்ட் கம்பெனி பாகம் அனுப்பாமல் இழுத்தடிப்பதும், செக்ரட்டரி அவர்கள் வாசலுக்கு நடையாய் நடந்ததும், தபால்காரருக்குத் தண்ணீர்க் கேனைத் தினமும் அவரே தூக்கிக்கொண்டு போவதும் அந்தப் பத்தியில்தான் இருந்தன.

அக்காவும் தங்கையும் தையல் கடைக்குப் போனார்கள்.

“போட்டியில நீளத்துக்கு ஒரு அளவு வச்சிருந்தாங்கல்ல?” என்றார் மாஸ்டர். “கூடுதலா இருந்துது. சுருக்கினேன்.”

“எங்க சுருக்கினீங்க?” என்றாள் அக்கா.

“இது என்ன கேள்வி? சுருக்கறதுன்னா கீழதான். மேல இடுப்பு இருக்கு, அதுல கைவச்சா பேன்ட்டே போச்சு.”

அவர் எந்தச் செய்தியையும் அப்படித்தான் சுருக்கியிருக்கிறார். மற்றவர்களின் செய்திகள் நன்றி சொல்லி முடிவதால் யாருக்கும் தெரியவில்லை. ரேடியோ தலையில் கைவைத்துக்கொண்டு துணிமூட்டை மேல் உட்கார்ந்தாள்.

சிக்கல் அதோடு நிற்கவில்லை. கெடுவுக்குப் பிறகு செய்தியில் கைவைத்தால் நடுவர்கள் போட்டியிலிருந்து நீக்கிவிடலாம் என்று விதி.

“ரிசல்ட் வரட்டும். அப்புறம் ஒட்டுப் போட்டுடலாம்,” என்றார் மாஸ்டர்.

அக்காவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மருந்துக் கடைக்கு இருமலுக்கு வந்தவர்களிடமெல்லாம் போட்டியைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தாள். “கொஞ்ச நாள்தானேடி,” என்றாள்.

“அந்தக் கொஞ்ச நாளும் அவர் படியேறி இறங்கணும்க்கா. வழியெல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்காங்க. ஒவ்வொருத்தரும் அவரைத் திருடனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பாங்க.”

“பரிசு?”

“போனா போகுது.” சொல்லிவிட்டாளே தவிர, துணிமூட்டையை விட்டு எழுந்திருக்கவில்லை.

அக்கா யோசித்தாள். தப்பான மாத்திரையைக் கொடுத்துவிட்டால், கணக்கு முடிக்கும்வரை அவள் உட்கார்ந்திருப்பாளா? போட்டது போட்டபடி தெருவில் ஓடியிருப்பாள். “சரி, போடு. அரையும் குறையுமா வேண்டாம், அந்தப் பத்தி முழுசா வரட்டும்,” என்றாள்.

மாஸ்டர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். விட்டுப்போன பத்தியைச் சேர்த்தார். அதற்கு மேலே, ‘திருத்தம்: பிழைக்கு நமது நிருபர் வருந்துகிறார்’ என்று தட்டினார்.

“யாரு மாஸ்டர் அந்த நிருபர்?” என்றாள் ரேடியோ. “செக்ரட்டரி சார் யாரைப் போய்க் கேட்பாரு? என் பேரைப் போடுங்க.”

“வெட்டினது நானாச்சே.”

“வந்ததுக்கப்புறம் படிச்சுப் பார்க்காதது நான்.”

“சண்டைக்கு வந்தா?”

“வரட்டும். பூனை இருக்கு, பார்த்துக்கும்.”

மாஸ்டர் சிரித்துக்கொண்டே நாற்காலியை விட்டு எழுந்தார். அந்த நாற்காலியை அவர் யாருக்கும் கொடுத்து அக்கா பார்த்ததில்லை. ரேடியோ உட்கார்ந்து, முதலில் நடுவர்களுக்கு நடந்ததை நாலு வரியில் எழுதி அனுப்பினாள். அவர்கள் செய்தியையும் திருத்தத்தையும் சேர்த்தே படித்து மூன்றாம் பரிசு கொடுத்தது பின்னால் நடந்தது. அன்றைக்கு அவளுக்குத் தெரிந்ததெல்லாம், பரிசு கையை விட்டுப் போய்விட்டது என்பதுதான். பிறகு ‘நமது நிருபர்’ என்பதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் தன் பெயரை இனிஷியலோடு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்.

அன்று மார்ச் பதினொன்று, புதன்கிழமை.