இடது பக்கத்துப் பல்சக்கரம்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. பார்வையும் ஒரு காரணம். ஒரு பைப்புக்குள் கண்ணை வைத்துப் பார்த்தால் எப்படியோ அப்படித்தான் எனக்கு எல்லாம் தெரியும். நேரே ஒரு சின்ன வட்டம், சுற்றிலும் ஒன்றுமில்லை. அந்த வட்டத்துக்குள் ஓர் எழுத்து வரும்போது முந்தைய எழுத்து போய்விடும். அதனால் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். இதற்கு மட்டும்தான் மன்னிப்பு. இதற்குக் கீழே எழுதப்போகிற எதற்கும் கேட்பதாக இல்லை.

கச்சிராயபாளையம் சாலையில், கள்ளக்குறிச்சிக்கு எட்டு கிலோமீட்டர் இந்தப் பக்கம் எங்கள் ஊர். நானும் என் மனைவியும் கள்ளக்குறிச்சியில் ஒரு புளி மண்டியில் வேலை செய்கிறோம். கல்வராயன் மலையிலிருந்து மூட்டை மூட்டையாகப் புளி இறங்கும். ஓட்டை உடைத்து, நாரை உருவி, கொட்டையை எடுக்க வேண்டும். அதற்கு முன்பு நான் கரும்பு வெட்டினேன். கண் சுருங்கச் சுருங்கக் கத்தி கரும்பை விட்டுக் காலைத் தேட ஆரம்பித்ததால் அதை விட்டேன். புளிக்குக் கண் வேண்டாம், விரல் போதும்.

அந்த மண்டியில்தான் இரட்டை சைக்கிள் கிடந்தது. இரண்டு சீட்டு, இரண்டு ஹேண்டில்பார், இரண்டு ஜோடி பெடல், நீளமான ஒரே வண்டி. மலைமேல் கொஞ்ச காலம் இருந்த வெளியூர்க்காரர்கள் விட்டுப்போனதாம். பலா ஏற்றி வந்த லாரியில் ஏறி எப்படியோ மண்டிக்கு வந்து, கோணிகளுக்குக் கீழே வருஷக்கணக்காகக் கிடந்தது. ஒருநாள் என் மனைவி அதன்மேல் கிடந்த கோணிகளை எடுத்துப் போட்டுவிட்டு மண்டி பாயிடம் கேட்டாள்.

"இது ஓடுமா பாய்?"

"எலி குடித்தனம் பண்ணிக்கினு இருக்குதும்மா. எலிய காலி பண்ணிட்டு நீங்க குடி போங்க" என்றார்.

அப்படித்தான் அது எங்களுக்கு வந்தது. என் மனைவி சின்ன வயதில் பால் கேன் மாட்டிய சைக்கிளை மிதித்து ஊர் ஊராகப் பால் ஊற்றியவள். அவள் முன்னால் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடிப்பாள். நான் பின்னால் உட்கார்ந்து மிதிப்பேன். என் கையில் இருக்கும் ஹேண்டில்பார் திரும்பாது, பிடித்துக்கொள்ள மட்டும்தான்.

வண்டியின் சூட்சுமம் இடது பக்கம் இருந்தது. சாதாரண சைக்கிளைப்போல வலது பக்கம் ஒரு செயின் என் பெடலிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும். இடது பக்கம் இன்னொரு செயின் அவள் பெடலிலிருந்து என் பெடலுக்கு வரும். அவள் கால் சுற்றினால் என் கால் சுற்றும், அவள் நிறுத்தினால் என் கால் நின்றுவிடும். அவள் மிதியை மெதுவாக்கினால் எதிரே நாயோ மாடோ வருகிறது. இரண்டு அழுத்து அழுத்தினால் ஏரிக்கரை ஏற்றம் வரப்போகிறது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அது பிடிக்கும், நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. என் கண்ணுக்குத் தெரியாத சாலையை அந்தச் செயின் வழியாகக் காலால் தெரிந்துகொண்டேன்.

ஏரிக்கரை டீக்கடையில் எங்களுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அம்மா டிரைவர், ஐயா கண்டக்டர். நாங்கள் வருவது தெரிந்தால் பெஞ்சில் இருக்கிறவர்கள் ஆரம்பித்துவிடுவார்கள்.

"கண்டக்டரே, விசில் குடுய்யா! வண்டி நின்னுக்கினே கீது!"

"பொண்டாட்டி ஓட்டுறா, இவரு ஜாலியா வராரு பாரு!"

நான் தலையைக் குனிந்துகொள்வேன். அவள் மட்டும், "டிக்கெட்டு எடுக்காத பசங்க எல்லாம் கீழ எறங்குங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவாள். நாலு வருஷம் இப்படியே ஓடியது.

போன மாசியில், மலையிலிருந்து புளி வந்து குவிகிற நேரத்தில், இடது பக்கத்துப் பல்சக்கரம் போய்விட்டது. என் பெடல் பக்கம் இருந்தது. பற்கள் தேய்ந்து ரம்பம்போல ஆகி, ஒருநாள் ஏற்றத்தில் மூன்று பல் சேர்ந்தாற்போல உடைந்தது. செயின் கழன்று தொங்கியது. என் கால் சுற்றியது, அவள் கால் நின்றிருந்தது.

கள்ளக்குறிச்சியில் பெரிய சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"லெப்ட் சைடுல பல்சக்கரமா? எந்தக் கம்பெனியும் பண்றது கெடையாது. நான் இன்னா பண்றேன், பின்னாடி பெடல கழட்டிடறேன். செயின நீட்டி முன்னாடியிலேந்து நேரா சக்கரத்துக்குக் குடுத்துடறேன். ஐயா கால் வைக்க ஒரு கம்பி வெல்டு வச்சுட்டா, ஜம்முனு குந்திக்கினு போவாரு."

"வேணாம்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியிடம், "இன்னாம்மா சொல்றாரு?" என்று கேட்டார்.

கண் மங்கிய நாளிலிருந்து எனக்கு இது பழக்கம்தான். கண் போனால் காதும் வாயும் சேர்ந்து போய்விட்டதாக ஜனங்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரிடம்தான் கேட்பார்கள். அவர் சாப்பிட்டாரா, அவருக்குத் தண்ணீர் வேண்டுமா. அன்றைக்கு என் மனைவி எனக்காகப் பதில் சொல்லவில்லை. "அவரத்தான கேக்கணும், என்னைய இன்னாத்துக்குக் கேக்கறீங்க?" என்றாள்.

கடைக்காரரிடம் நானே சொன்னேன். "மூட்டைய வச்சுக்கினு போற மாதிரி என்னை வச்சுக்கினு போக வேணாம். நான் மிதிக்கணும்."

"அப்ப உங்களுக்கு பார்ட்டு கெடைக்காது. காயலான் கடையில போடுங்க" என்று அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

அதற்குப்பின் சில வாரம் பஸ்ஸில் போனோம். அவளுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. எல்லோரும் அதையே சொன்னார்கள். "அந்தம்மாவுக்கு ஃப்ரீ, உனக்கு மட்டும்தான் டிக்கெட்டு, எதுக்கு எட்டு கிலோமீட்டரு மிதிக்கிற?" நியாயமான கேள்வி. பதில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஒவ்வொரு நாளும் கிடைத்தது. "ஐயா கைய புடிச்சு எறக்குங்கப்பா! யாராச்சும் புடிங்க! பாத்து, பாத்து!" பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்க்கும். எத்தனை படி என்று எனக்குத் தெரியும். ஆனால் என் கை அதற்குள் யாரோ ஒருவர் கையில் இருக்கும்.

பிறகு சின்னசேலத்தில் ஒரு மெக்கானிக் கெட்டிக்காரர் என்றார்கள். ஒரு வேலையில்லாத நாளில் வண்டியை மினி லாரியில் போட்டுக்கொண்டு போனோம். அவர் யோசிக்கவே இல்லை. பெடல் மாட்டுகிற இரும்புக் கையை கிராங்க் என்பார்கள். பல்சக்கரத்தோடு சேர்ந்த வலது கிராங்க் எல்லாக் கடையிலும் தொங்கும். அதில் ஒன்றை எடுத்து இடது பக்கம் மாட்டினார். பொருந்திவிட்டது. அதற்கு ஒரு புதுப் பெடலை முறுக்கினார். செயினைப் போட்டார்.

"இதுக்குப் போயா எல்லாரும் இல்லன்னாங்க?" என்றார். நாங்களும் அதையேதான் நினைத்தோம்.

மறுநாள் காலையில் கிளம்பினோம். மூன்று கிலோமீட்டர் நன்றாகப் போனது. அவள் கால் மறுபடியும் என் காலில் வந்தது. ஏரிக்கரை ஏற்றத்தில், சரியாக டீக்கடைக்கு எதிரே, இடது பெடல் ஆடியது. இரண்டு சுற்றுக்குமேல் தாங்கவில்லை. பெடல் கழன்று என் செருப்போடு சாலைக்கு வந்துவிட்டது. வண்டி சாய்ந்து கரும்புத் தோட்டத்து வாய்க்காலில் இறங்கியது. அவள் முழங்கை சிராய்த்துவிட்டது.

"கண்டக்டர் எறங்கிட்டாரு! வண்டிய நிறுத்தும்மா!"

சிரிப்பு அடங்க நேரமானது. ஒருவர் மட்டும் எழுந்து வந்து பெடலை எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது அவரும், "மூணு சக்கர வண்டிக்கு எழுதிப் போடுங்களேன், கெவர்மெண்டுல தராங்களே" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் இன்னும் அதிகமாகச் சுட்டது.

பெடலை இறுக முறுக்கினோம். ஒரு கிலோமீட்டரில் மறுபடி கழன்றது. மறுபடி முறுக்கினோம். மண்டிக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் நுழைந்தோம். "யோவ், இது இன்னாய்யா பேய் புடிச்ச பெடலு?" என்றாள் என் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் கிராங்க்கையும் பழைய இடது கிராங்க்கையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெடல் முறுகும் ஓட்டைக்குள் இருக்கும் மரையை விரலால் தடவினேன். புதியதில் மரை ஒரு பக்கம் சுற்றிக்கொண்டு போனது, பழையதில் எதிர்ப் பக்கம். பெடலைப் போட்டு முறுக்கிப் பார்த்தேன். இடது பெடலுக்கு மரை தலைகீழாக வெட்டியிருக்கிறார்கள். மிதிக்க மிதிக்க இறுகுவதற்கு அப்படி. வலது பக்கத்துக்கான கிராங்க்கை இடது பக்கம் போட்டால், மிதிக்க மிதிக்க அதுவே கழற்றிக்கொண்டு வரும். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. சின்னசேலத்துக் கெட்டிக்காரர் மரையைப் பார்க்கவில்லை.

கடையில் கிடைக்கிற இடது மரை கிராங்க்கில் பல்சக்கரம் வராது. பல்சக்கரம் உள்ள கிராங்க்கில் இடது மரை வராது. ரொம்ப நேரம் அதையே உருட்டிக்கொண்டிருந்தேன். பிறகு தோன்றியது. அந்தச் செயின் ஏன் இடது பக்கம்தான் போக வேண்டும்? என் வலது கிராங்க்கில் ஒரு பல்சக்கரம் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே இன்னொன்றைச் சேர்த்துவிட்டால்? உள்ளே இருப்பது பின்சக்கரத்துக்கு, வெளியே இருப்பது அவள் பெடலுக்கு. இரண்டு செயினும் வலது பக்கமே. இடது பக்கம் வெறும் கிராங்க் போதும்.

கள்ளக்குறிச்சியில், சின்னசேலம் போகிற ரோட்டில் ஒரு லேத்து பட்டறை உண்டு. கரும்பு ஆலை, போர் மோட்டார் சாமான்களைக் கடைகிற இடம். அங்கே போய்ப் பேச வேண்டியவன் நான்தான். என் மனைவிக்குச் சொல்லிப் பார்த்தேன், அவளுக்குப் புரியவில்லை. புரியாததுபோல நடித்தாளோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

பட்டறைக்காரர் நான் சொன்னதைக் கேட்டார். லேத்து ஓடிக்கொண்டிருந்ததால் இரண்டு முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. நான் அவ்வளவு சத்தமாகப் பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அவர் மிஷினை நிறுத்தினார்.

"இத்த யாரு சொன்னது உங்களுக்கு?"

"யாரும் சொல்லல."

"நீங்க மெக்கானிக்கா?"

"புளி உடைக்கிறேங்க."

அவர் வண்டிக்குப் பக்கத்தில் குந்தி என் பெடலைச் சுற்றிப் பார்த்தார். "ரெண்டு சக்கரத்துலயும் பல்லு ஒரே கணக்கா இருக்கணும்" என்றார்.

"தடவி எண்ணிட்டேங்க. நாப்பத்தி நாலு, நாப்பத்தி நாலு."

"முன்னாடி பெடல் அச்சு கொஞ்சம் வெளிய வரணும். இல்லன்னா செயின் கோணிக்கினு போவும்."

"லோடு ரிக்‌ஷா அச்சு நீளம் ஜாஸ்தி. அத்த போடலாங்க."

"செயின் ரெண்டும் ஒரே பக்கம், அந்தம்மா சேலை மாட்டாதா?" என்று கேட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் அவர் என் மனைவியின் பக்கம் திரும்பியது தெரிந்தது. அவள் சொன்னாள், "நான் பால் கேன் மாட்டிக்கினு போன காலத்துலேந்தே சேலைய இழுத்து சொருகிக்கினுதான் மிதிக்கிறேன். நீங்க அவருகிட்ட பேசுங்க."

அவர் என்னிடமே பேசினார். ஒரு பழைய கிராங்க்கின் கையை அறுத்துவிட்டு, பல்சக்கரத்தை மட்டும் எடுத்தார். இரண்டு பல்சக்கரத்துக்கும் நடுவில் பைப் துண்டுகளைக் கொடுத்து போல்ட் போட்டு இறுக்கினார். இடைவெளி செயினுக்குப் போதுமா என்று என் விரலைத்தான் விட்டுப் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கம் கம்மியாக இருந்தது. கழற்றி ஒரு வாஷர் வைத்தார். அதே கள்ளக்குறிச்சிக் கடையில்தான் முன் பெடலுக்கு வலது கிராங்க்கும் இரண்டு சாதாரண இடது கிராங்க்கும் வாங்கினோம். கடைக்காரர் எதற்கு என்று கேட்கவில்லை. எந்தக் கடையிலும் ஆணியில் தொங்குகிற சாமான் அது. இனிமேல் என் வண்டியில் ஒன்று உடைந்தால், பார்ட்டு கிடைக்காது என்று ஒருவரும் சொல்ல முடியாது.

மறுநாள் காலை புறப்பட்டோம். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இடது பெடலைக் குனிந்து தொட்டுப் பார்த்தேன். இறுகியே இருந்தது. அவள் கால் என் காலுக்குள் வந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் மெதுவானது. ஆட்டு மந்தை, வாசனை வந்தது. பிறகு இரண்டு அழுத்து. ஏரிக்கரை.

"தோ பாருடா, கண்டக்டரு திரும்ப டூட்டில சேந்துட்டாரு! இன்னா கண்டக்டரே, இன்னிக்காச்சும் விசில் உண்டா?"

கரும்பு வெட்டும் நாட்களில், தோட்டத்தின் மறுகோடியில் இருக்கிற டிராக்டரைக் கூப்பிட இரண்டு விரலை நாக்குக்குக் கீழே வைத்து விசில் அடிப்போம். அதை விட்டு எட்டு வருஷம் இருக்கும். பிடித்திருந்த ஹேண்டில்பார் எப்படியும் திரும்பாதது. ஒரு கையை எடுத்தேன். தலையைக் குனியவில்லை. அடித்தேன்.

பெஞ்சில் ஒரு டம்ளர் உருண்டது கேட்டது. "யோவ், காது போச்சுய்யா" என்றாள் முன்னால் இருந்து, மிதிப்பதை நிறுத்தாமல். நானும் நிறுத்தவில்லை. ஏற்றம் முடியும்வரை இரண்டு பேருமே மிதித்தோம்.

சாலையில் நிறுத்தி இந்த வண்டியைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் எனக்கு நேரில் சொல்ல வராது. அதனால் எழுதிவைத்தேன்.

ஆவணி ஏழு, சனிக்கிழமை.