நான்காவது கிழிசல்

படகுப் பாய் தைக்கும் அக்காவுக்குக் கோபம் வந்தால் ஊசியைக் கீழே வைத்துவிடுவாள். அன்று காலையும் வைத்தாள்.

படகுப் பயிற்சிப் பள்ளியின் பெரிய பாய் அந்த வருடம் நான்காவது முறையாகக் கிழிந்து அவள் பட்டறைத் தரையில் கிடந்தது. கூடவே மேனேஜர் அம்மாவின் சீட்டு: தையல் சரியில்லை என்கிறார் பயிற்சியாளர், இனி வேறு இடத்தில் கொடுக்கப்போகிறோம். பத்தொன்பது வருடம் தைத்தவளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. நேரில் வந்து சொல்லக்கூட யாருக்கும் கால் வரவில்லை.

மண்டியிட்டுப் பார்த்தாள். அவள் போட்ட தையல் ஒன்றுகூட விடவில்லை. பாயின் குறுக்கே வரிசையாகத் தொங்கும் சின்னக் கயிறுகளின் ஓட்டைகள்தான் வாய் பிளந்திருந்தன. காற்று வலுத்தால் பாயைக் கொஞ்சம் இறக்கி, மிஞ்சும் துணியைச் சுருட்டி அந்தக் கயிறுகளால் கட்டுவார்கள். துணி அலையாமல் பிடிப்பதோடு அவற்றின் வேலை சரி. காற்றின் இழுப்பைத் தாங்க வேண்டியவை முன்மூலையும் பின்மூலையும்.

பாயைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று படகுத்துறைக்கு நடந்தாள்.

பயிற்சியாளரை எல்லோரும் கேப்டன் என்பார்கள். கப்பல் எதையும் ஓட்டியதில்லை, தொப்பி மட்டும் உண்டு. துறையில் கட்டியிருந்த இன்னொரு படகில் மாணவர்களுக்குப் பாய் சுருக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். முன்மூலையைக் கொக்கியில் மாட்டினார். பின்மூலைக் கயிற்றைத் தொடவே இல்லை. சின்னக் கயிறுகளைப் பாயின் அடியோரம் நீளும் கட்டையோடு சேர்த்து இறுக்கி முடிந்தார். காற்று நிரம்பியதும் பாரம் முழுக்க ஓட்டைகளில் விழுந்தது.

"நிறுத்துங்க," என்றாள்.

"படகுல கால் வைக்காதவங்க எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்."

தோளில் இருந்த பாயைத் துறையில் போட்டுவிட்டுக் கால் வைத்தாள். படகு ஆடியது. படகின் பாயைத் தளரவிட்டு முடிச்சுகளை அவிழ்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பின்மூலைக் கயிற்றை இழுத்து இறுக்கினாள். பிறகுதான் சின்னக் கயிறுகளைத் துணியை மட்டும் சுற்றி, விரல் நுழையும்படி கட்டினாள். பாய் பதறாமல் நின்றது.

மேனேஜர் அம்மாவும் வந்து பார்த்துக்கொண்டிருந்தார். கேப்டன் தொப்பியைச் சரிசெய்தார். "நான் இருபது வருஷமா இப்படித்தான் கட்டுறேன்."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அதுல பத்தொன்பது வருஷம் தைச்சது நான். ஏன் கிழியுதுன்னு ஒரு நாள் வந்து பார்க்கல பாருங்க, அதுதான் என் தப்பு."

"விடுங்கக்கா," என்றார் மேனேஜர் அம்மா. "வேலை உங்ககிட்டயே இருக்கட்டும்."

துறையில் ஏறி, கிழிந்த பாயை எடுத்துக் கேப்டனின் காலடியில் போட்டுவிட்டு மேனேஜர் அம்மா பக்கம் திரும்பினாள். "தையல் சரியில்லன்னு எழுதிக் கொடுத்தீங்கல்ல? சரியா இருந்துச்சுன்னும் எழுதிக் கொடுங்க. அவர் கையெழுத்தோட. அதுவரைக்கும் ஊசியத் தொட மாட்டேன்."