மோராக் டீச்சரின் சிவப்புக் கோடு

முப்பது பிள்ளைகளைச் சமாளித்துவிடலாம், ஒரு பிரின்சிபாலைச் சமாளிக்க முடியாது; சாக்பீஸ் பிடித்த உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஹூஸ்டனில் ஒரு ஹைஸ்கூலில் நான் கணக்கு டீச்சர். பக்கத்து அறையில் பூகோளம் எடுத்தவர் மோராக். ஸ்காட்லாந்துக்காரர். தன் ஊரில் இருபது வருடம், பள்ளி விட்டதும் 'தனி நாடு வேண்டும்' என்று நோட்டீஸ் கொடுக்க வீடு வீடாக ஏறி இறங்கியவர். இருவருக்கும் பள்ளி தந்த வேலை விசா. வேலை போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மேப்

பள்ளி மேப்பில் பிரிட்டன் தீவு முழுவதும் 'இங்கிலாந்து' என்று அச்சாகியிருந்தது. மோராக் சிவப்பு மார்க்கரால் குறுக்கே எல்லைக்கோடு போட்டு, மேலே 'ஸ்காட்லாந்து' என்று எழுதினார். பிரின்சிபால் புது மேப் மாட்டினார். அதிலும் அதே தப்பு. மறுநாளே அதிலும் கோடு. பள்ளிச் சொத்தைப் பாழாக்கியதாக எச்சரிக்கைக் கடிதம் வந்தது. தப்பாக அச்சடித்தவனை விட்டுவிட்டுத் திருத்தியவருக்குக் கடிதம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரின்சிபால் கேட்டது இதுதான்: "பரீட்சையில் அதையா கேட்கப்போகிறார்கள்?"

இரண்டு மார்க்

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோ இங்கிலாந்தில் இருப்பதாகப் பரீட்சையில் எழுதிய ஒரு மாணவிக்கு மோராக் இரண்டு மார்க் குறைத்தார். அவளுடைய அப்பா நம்ம சென்னைக்காரர், என்னிடம் சிபாரிசுக்கு வந்தார். "உங்களை யாராவது ஹிந்திக்காரர் என்றால் சும்மா இருப்பீர்களா?" என்று கேட்டேன்.

"செம கோவம் வரும் மேடம். ஆனா இது ஜி.பி.ஏ. மேட்டர், காலேஜ் சீட்டே அந்த மார்க்கை வெச்சுத்தான். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லுங்க."

ஓட்டு

அது 1997. அந்த செப்டம்பரில், ஸ்காட்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் வேண்டுமா என்று அவர் ஊரில் ஓட்டெடுப்பு. வெளிநாட்டில் இருந்த மோராக்குக்கு ஓட்டு இல்லை. 'வேண்டும்' ஜெயித்த செய்தி போனில் வந்ததும் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அழுதார். சந்தோஷமா என்று கேட்டேன். மேஜையை ஓங்கித் தட்டினார்.

"ஒரு கூட்டத்துக்குக்கூட வராத என் தங்கை ஓட்டுப் போட்டிருக்கிறாள். நான் இங்கே வராந்தாவில் பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருக்கிறேன்!"

கையெழுத்து

மூன்றாவது மேப்பிலும் கோடு விழுந்தது. மேப்தான் தப்பு என்று ஒரு கடிதம் எழுதி, எல்லா டீச்சர்களிடமும் கையெழுத்துக் கேட்டார் மோராக். என் கிரீன் கார்டு பள்ளி வழியாக அப்ளை ஆகியிருந்த நேரம். பேனாவைத் திறந்தேன், மூடிவிட்டேன். அந்தக் கோழைத்தனத்தை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

மே மாதம் அவருடைய காண்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. அட்டைப்பெட்டியைக் காரில் ஏற்றும்போது மன்னிப்புக் கேட்டேன். மோராக் சிரித்தார்.

"விடு. அடுத்த வருடம் எங்கள் நாடாளுமன்றத்துக்கு முதல் தேர்தல். இந்த பிரின்சிபால் என்னை நேரே ஓட்டுச்சாவடிக்கு அனுப்பிவைக்கிறார்."

எனக்கு கிரீன் கார்டு வந்துவிட்டது, புதிதாக மாட்டிய நான்காவது மேப்பிலும் இங்கிலாந்துதான், மேஜையில் சிவப்பு மார்க்கரும் தயாராக இருக்கிறது, என் தைரியம் மட்டும் அடுத்த காண்ட்ராக்ட் கையெழுத்தாகட்டும் என்று காத்திருக்கிறது.