அக்காவுக்குத் தொண்டை கட்டிய நாள்

அக்காவுக்கு ஒரே மாதத்தில் இரண்டு இடங்களில் படிக்க அனுமதி கிடைத்தது. ஒன்று நாங்கள் இருந்த சிசிலித் தீவின் பலேர்மோ நகரத்துப் பெரிய அரசுப் பல்கலைக்கழகம்; கால்சாப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரலாம். மற்றது இத்தாலியின் வடக்கே ஒரு மலையூரிலிருந்த சின்னக் கல்லூரி. அங்கே தத்துவம், கணிதம், இலக்கியம் எல்லாவற்றையும் கலந்து படிக்கலாம். இருப்பிடமும் சாப்பாடும் அவர்களே தருவார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அப்பா துறைமுகத்தில் கப்பல்களைத் துப்புரவாக்கினார். அம்மா ஒரு இத்தாலியப் பெண்மணியின் வீட்டில் சமைத்தார். இருவருக்கும் தெரிந்த இத்தாலிய மொழி வேலைக்குக் காணும்; அதற்கு மேல் போகாது. மருத்துவர், வங்கி, வீட்டுக்காரர், என் பள்ளிக்கூடம் என்று எல்லா இடத்திலும் அக்காதான் அவர்களுக்காகப் பேசினாள். சாப்பாட்டு மேசையில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அப்பா படிப்பைப் பற்றி மட்டுமே கேட்டார்.

"எல்லாத்தையும் படிச்சுப்போட்டு என்ன வேலைக்குப் போறது? இஞ்சை இல்லாத என்ன அங்கை கிடக்கு?"

"இஞ்சை ஒரு வகுப்பிலை முன்னூறு பேர், அப்பா. அங்கை பத்துப் பதினைஞ்சு பேர்தான். நான் என்ன நினைக்கிறன் எண்டு கேப்பினம்."

"இஞ்சை உன்னை ஆர் கதைக்க வேண்டாமெண்டது?"

"நான் ஒவ்வொரு நாளும் கதைக்கிறன். எல்லாம் மற்றாக்களின்ரை கதை."

அம்மா எழுந்துபோய்ச் சட்டியைக் கழுவத் தொடங்கினார். அதில் இன்னும் கறி இருந்தது.

அதன்பிறகு அக்கா போகிற இடத்துக்கெல்லாம் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். மருந்துக்கடையில் என்னையே கேட்க விட்டாள். நான் அதை விளையாட்டு என்று நினைத்தேன்.

அப்பாவின் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. குவெஸ்தூரா என்ற காவல் தலைமையகத்தில் எங்கள் முறை வந்து கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்றபோது, அக்கா தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினாள். குரல் இல்லை. அப்பா அவளைப் பார்த்தார். உள்ளே இருந்த அலுவலர் இரண்டாம் முறை கேட்டார். நான் நுனிக்காலில் நின்று, அதே வீடு, அதே வேலை, நாலு பேர் என்று சொன்னேன். என் சிசிலியப் பேச்சைக் கேட்டு அவர் சிரித்துவிட்டார். அவர் சொன்னதை நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். ஓரிடத்தில் தடுமாறியபோது அக்காவின் கை என் தோளை அழுத்தியது. அவள் வாய் திறக்கவில்லை.

வெளியே வந்ததும் அவளுக்குத் தொண்டை சரியாகிவிட்டது. எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்து, வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. அப்பா பல்லரோ சந்தையில் நின்று, தேவைக்கு மேலாகவே மீன் வாங்கினார்.

அன்று சாப்பிடும்போது முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டார்: "வடக்கை போற ஜெனோவாக் கப்பல் சனிக்கிழமையும் ஓடுதோ?"

அக்கா "ஓம்" என்றாள். அம்மா அவள் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தார்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை அவளை வழியனுப்பப் போனோம். கப்பல் வளைந்து கண்ணுக்கு மறையும்வரை அம்மா அழுதுகொண்டிருந்தார். அப்பா என் பக்கம் திரும்பி, "திங்கக்கிழமை அம்மாவை டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போகவேணும். நீயும் வா" என்றார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் இல்லை என்ற சந்தோஷத்தில், துறைமுகத்திலிருந்து வீடுவரை அவர்களுக்கு முன்னால் துள்ளிக்கொண்டு போனேன்.