நாத்தனார் கடைக்கு வழி

நகரத்தின் பெரிய ரயில் நிலையத்தில், விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் ஜன்னலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. எந்த ரயில் எந்த நடைமேடைக்கு வரும் என்று சொல்வது அவள் வேலை. அதே தகவல் அவள் தலைக்கு மேல் பலகையில் பெரிய எழுத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பலகையைப் படித்தவர்களும் ஜன்னலில் ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் நம்புவார்கள். கேட்டு முடித்ததும் பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, உண்மையில் கேட்க வந்ததைக் கேட்பார்கள்.

"இங்க நல்ல சாப்பாடு எங்கம்மா கிடைக்கும்? பார்க்கறதுக்கு என்ன இருக்கு?"

இதற்குச் சுற்றுலாத் துறை வழவழப்பான தாளில் ஒரு பதில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. அந்தத் தாள் மடிக்கப்பட்டு, ஆடுகிற மேசைக்கால் ஒன்றுக்கு அடியில் நல்ல சேவை செய்து வருகிறது. ஜன்னலம்மாவின் பதில் வேறு. விடுமுறை நாளில் முதலில் வரும் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்குவாள். பசிக்கிற வரை நடப்பாள். அப்படியே ஊரைப் படித்தவள். மூட்டை தூக்குகிறவர்கள் எட்டிப் பார்க்காத கடையில் காலைச் சாப்பாடு கூடாது என்பாள். மெனு அட்டையில் சாப்பாட்டைப் படம் பிடித்துப் போட்டிருந்தால், படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும். ஊரை மேலிருந்து பார்க்கக் கோபுரத்துக்குக் காசு கொடுப்பானேன்? பெரிய ஆஸ்பத்திரியின் மேல்மாடி கேன்டீனிலிருந்து அதே ஊர்தான் தெரிகிறது, டீயும் நன்றாக இருக்கிறது. நோயாளியின் சொந்தக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டால் போதும்.

ஆளைப் பார்த்துத்தான் வழி சொல்வாள். சண்டை போட்டுக்கொண்டு வரும் ஜோடிகளுக்கு ஆற்றுப் படகு; நடு ஆற்றில் யாரும் கோபித்துக்கொண்டு இறங்கிப் போக முடியாது. அழுகிற குழந்தையோடு வருபவர்களுக்கு அருங்காட்சியகம் கிடையாது. பஸ் டிப்போவின் பின்பக்கம் போய், பஸ்களைக் குளிப்பாட்டுவதைக் காட்டச் சொல்வாள். குழந்தை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அப்பாவும்தான்.

"உங்க வாக்கு பொய்ச்சதே இல்லக்கா," என்பான் பக்கத்து ஜன்னலில் டிக்கெட் கொடுக்கிறவன். "ரயிலு மட்டும்தான் நீங்க சொன்ன நேரத்துக்கு வர மாட்டேங்குது."

இப்படிப்பட்ட நிபுணிக்கு வீட்டில் ஒரு சோதனை. அவளுடைய நாத்தனார் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள்.

நாத்தனாரின் சமையலை விவரிப்பது நாகரிகமில்லை. அவள் கைக்கு வந்த மீன் இரண்டாவது தடவை செத்தது என்று மட்டும் சொல்லலாம். ஆனால் குடும்பத்தில் ஒருவர்கூட வாயைத் திறந்து அதைச் சொன்னதில்லை. விருந்துக்குப் போனவர்களெல்லாம் "அடடா" என்றார்கள். ஒரு சித்தப்பா, "நீ ஓட்டல் வச்சா பிச்சுக்கும்மா," என்று வாழ்த்திவிட்டுத் தெருமுனைக்குப் போய் நாலு வாழைப்பழம் தின்றார். ஜன்னலம்மாவின் கணவர் இன்னும் ஒரு படி மேல். "என் தங்கச்சி கை பட்டா அது தனி. நீயுந்தான் சமைக்கறே," என்று வீட்டுக்குத் திரும்பியதும் பெருமூச்சு விடுவார். தன்னைக் குத்துவதற்காகத்தான் சொல்கிறார் என்று ஜன்னலம்மா நினைத்துக்கொள்வாள். பொய்ப் பாராட்டு கரைந்து போகிற சரக்கு அல்ல. வருஷக்கணக்கில் சேர்ந்து சேர்ந்து, ஒருநாள் ஒரு முட்டுச்சந்தில் இடம் பிடித்துக் கடையாகத் திறந்துகொண்டது. கீழே நாலு மேசை, மேலே நாத்தனார் தங்க ஓர் அறை.

வியாபாரம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலம்மாவின் கவலை அதுவல்ல. கடை போனால் மாடி அறையும் போகும். நாத்தனாருக்கு வேறு போக்கிடம் கிடையாது. கணவர் ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டார்.

"நடக்கலேன்னா மூடிட்டு இங்க வந்துடும்மா. அண்ணி வேலைக்குப் போறா. மூணு வேளையும் நீயே சமைச்சுப் போடு, அவளும் உக்காந்து சாப்பிடட்டும்."

அன்றிலிருந்து ஜன்னலம்மாவுக்குத் தூக்கம் சரியில்லை.

"ஊருக்கெல்லாம் வழி காட்டறியே," என்று கணவர் நச்சரித்தார். "என் தங்கச்சி கடைக்கு ஒரு ஈ காக்கா அனுப்பினியா?"

"ஈ தானாவே போகுதுங்க."

அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் பசித்து வந்த அந்நியர் இவள் வார்த்தையை நம்பிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாரே, அவரை எப்படிக் கிணற்றில் தள்ளுவது? வீடா வாக்கா என்று அவள் திண்டாடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த இளம் ஜோடி ஜன்னலுக்கு வந்தது.

"டூரிஸ்ட் போற இடமே எங்களுக்கு வேணாம்ங்க," என்றாள் பெண், முதுகில் ஆளுயர டூரிஸ்ட் மூட்டையோடு.

"கூட்டம் இருக்கக் கூடாது," என்றான் அவன்.

"யாருக்கும் தெரிஞ்சிருக்கக் கூடாது. இன்டர்நெட்ல தேடினாக்கூட வரக் கூடாது."

"ஓட்டல் ருசி வேணாம். ஒரு அம்மா தனியா நின்னு சமைக்கணும்."

ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஜன்னலம்மாவின் கண் முன்னால் ஒரே முட்டுச்சந்துதான் வந்து நின்றது.

"ஒரு இடம் இருக்கு. கூட்டம் இருக்காது, அதுக்கு நான் பொறுப்பு."

"சாப்பாடு எப்படிங்க?"

"அந்த மாதிரி நீங்க வேற எங்கயும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க."

ஒரு வார்த்தை பொய்யில்லை. இருந்தாலும் மறுநாள் அவர்கள் திரும்பி வருவதைப் பார்த்ததும் அடி வாங்கத் தயாராக நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினாள்.

"அம்மா! அந்த சூப்!" என்று பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அதுல எதையுமே ஒளிக்கல! யாரையும் திருப்திப்படுத்தணும்னு நினைக்கவே இல்ல!"

அது உண்மைதான். 'நகரம் மறைத்துவைத்த அடுப்பு' என்று ஒரு வீடியோ போட்டார்கள். முட்டுச்சந்து நிறைந்தது. யாருக்கும் தெரியாத இடத்தைத் தெரிந்துகொண்டவர்கள் சாரிசாரியாக வந்தார்கள். கணவர் மீசையைத் தடவிக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று அக்கம்பக்கத்தில் வரி வசூலிப்பது மாதிரிப் பாராட்டு வசூலித்தார்.

ஜன்னலம்மா ஒருநாள் போய் ஓரமாக நின்று பார்த்தாள். வாயில் வைக்கும்போது எல்லோர் முகமும் பரீட்சை எழுதுவது போல இருந்தது. ஆனால் நாத்தனார் வந்து பக்கத்தில் நின்றதும் மலர்ந்தது. "வெயில்ல நடந்திருக்கீங்க, முதல்ல தண்ணி குடிங்க. உங்க பையன் ஏன் ஒரு மாதிரி இருக்கான், ஷூ கடிக்குதா?" என்று ஒவ்வொருவரிடமும் உறவு கொண்டாடினாள். போகும்போது அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் ஒருவரும் போகவில்லை.

கூட்டம் வேண்டாம் என்று வந்த கூட்டத்துக்கு, வரிசையில் நிற்க வைத்ததும் புத்தி வந்தது. "அது இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சும்மா. வேற ஏதாவது சொல்லுங்க," என்று மறுபடி ஜன்னலுக்கு வந்தார்கள். வீடியோவைப் பார்த்து உள்ளூர்க்காரர்களும் ஒரு தடவை எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் உண்மையைத் தேடி வந்தவர்கள் அல்ல, சாப்பிட வந்தவர்கள். மறு தடவை வரவில்லை. நாலு மேசையும் காலியாயின. இடத்துக்காரர் 'இருக்கீங்களா, காலி பண்றீங்களா' என்று கேட்டுவிட்டுப் போனார். கணவர் உள்ளறையில் இன்னொரு கட்டில் போட முடியுமா என்று அளந்து பார்க்கத் தொடங்கினார்.

அந்த வாரத்தில் ஒருநாள் விசாரணை வரிசையில், இரண்டு பெட்டிக்காரர்களுக்கு நடுவில், நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். உறவு கொண்டாடிக்கொண்டு முன்னால் வரவில்லை. தன் முறை வந்ததும் குனிந்து கேட்டாள்.

"அண்ணி, பொய் சொல்லாம ஒரு நல்ல சாப்பாட்டுக் கடை சொல்லுங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான். காலையிலேர்ந்து பட்டினி. கடையில இருக்கு, உள்ள இறங்கல."

"சீக்கிரம்மா, ரயில் போயிடும்," என்றார் பின்னால் நின்றவர்.

"எங்க போயிடும், அது இன்னும் வரவே இல்ல சார்," என்றான் டிக்கெட் கொடுக்கிறவன்.

ஜன்னலம்மா 'உணவு இடைவேளை' பலகையை மாட்டினாள். நாத்தனாரைக் கோர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வக்கீல்கள் வாதத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்து சாப்பிடும் கடை. நாத்தனார் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும் அண்ணி?"

"கல்யாணமாகி நீ வச்ச முதல் விருந்துலேர்ந்து."

"அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

"புது மருமக. நாத்தனார் சமையலைக் குறை சொன்னா அன்னிக்கே என் பெட்டி வாசலுக்கு வந்திருக்கும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் லேட்டாயிடுச்சும்மா."

நாத்தனாருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் செய்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, ஊருக்கே சொல்றீங்களே, எனக்கும் ஒரு வழி சொல்லுங்க," என்றாள்.

"அடுப்பை வேற ஆள்கிட்ட கொடு. நீ பரிமாறு. உன்னை மாதிரிப் பரிமாற இந்த ஊர்ல ஆள் கிடையாது."

"நிஜமாவா?"

"ஜன்னல்ல வந்து கேட்டவங்ககிட்ட நான் பொய் சொல்றதில்ல. வீட்லதான் சொல்வேன்."

நிலையத்துக் கேன்டீனை மூடியபோது வேலை போன சமையல்காரர் ஒருவர் இருந்தார். கை பொன், வாய் கடுகடு. வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்காமல் சமைக்கக் கிடைத்தால் போதும் என்று வந்தார். மெல்ல மெல்ல மேசைகள் நிறைந்தன. மூட்டை தூக்குகிறவர்கள் வந்து உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் ஜன்னலம்மா அந்தக் கடையின் பெயரை வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். அண்ணனிடம் மட்டும் சமையல்காரர் விஷயத்தைச் சொல்வதில்லை என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். மனுஷர் இத்தனை வருஷம் கட்டிக்காத்த பெருமை. அதைக் கெடுப்பானேன்?

ஒரு விடுமுறை நாளில் கணவர் ஜன்னலம்மாவோடு சாப்பிட வந்தார். மீனை எடுத்து வாயில் வைத்தார். மென்றார். புருவம் சுருங்கியது.

"இதை யார் செஞ்சது?"

"நான்தாண்ணா."

"என்னமோ மாதிரி இருக்கே... ஓட்டல் சாப்பாடு மாதிரி." தட்டை மெதுவாகத் தள்ளினார். "உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா?"

ஜன்னலம்மா அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். குத்தல் எதுவும் அகப்படவில்லை. இத்தனை வருஷமும் மனுஷர் தன்னைக் குத்திக்கொண்டிருக்கிறார் என்று நினைத்திருந்தாள். அதற்குக்கூட அவருக்குச் சாமர்த்தியம் இல்லை. உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், பாவம்.

நாத்தனார் உள்ளே போனாள். "கொஞ்சம் நகருங்க, ஒரே ஒரு தட்டு," என்று அவள் குரலும், சமையல்காரரின் முணுமுணுப்பும் கேட்டன. திரும்பி வந்து தட்டை அண்ணன் முன்னால் வைத்தாள். அவர் ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடினார்.

"இது! இதைத்தான் சொல்றேன் நான்!"

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "அவருக்கு வச்ச மாதிரியே எனக்கும் ஒண்ணு குடுங்கம்மா," என்றார்.

நாத்தனார் வாயெடுப்பதற்குள் ஜன்னலம்மா முந்திக்கொண்டாள்.

"உங்களுக்கு வேணாங்க. அது குடும்பத்துக்கு மட்டும்."