யூரியாவோடு வந்த மூட்டை

மழை ஈரம் காய்வதற்குள் மக்காச்சோளத்துக்கு யூரியா போட வேண்டும். இன்று காலை வெம்பக்கோட்டைப் பக்கம் ஓர் உரக்கடையில் ஒரு மூட்டை கேட்டேன்.

"கூட இந்தக் குருணை உரத்தையும் எடுத்தாத்தான் யூரியா," என்றார் கடைக்காரர்.

"வேண்டாததைத் தலையில கட்டக் கூடாதுன்னு விதி இருக்குல்ல அண்ணாச்சி?"

"இருக்கு தம்பி. எங்களுக்குக் கம்பெனில இருந்து லோடே அப்படித்தான வருது."

பின்னால் நின்ற, எங்கள் நிலத்துக்குப் பக்கத்துக் காட்டுக்காரர் கேட்டார்: "உரத்தை அள்ளிப் போட்டுக் கம்மாயைப் பாசியாக்காதீகன்னு கரையில போர்டு வச்சது நீங்கதான மாப்ள?"

நான்தான். அடியில் என் பெயர்கூட இருக்கிறது.

இரண்டு மூட்டையோடும் வீடு வந்தேன். "வாங்குனதை வீணாக்கவா முடியும்?" என்று அப்பா குருணையைத் தூவ வாளி தேடுகிறார். தூவினால் அடுத்த மழையில் அது கண்மாய்க்குத்தான் போகும்.

யாருக்காவது அந்த மூட்டை வேண்டுமா? சும்மாவே தருகிறேன். ஆனால் கூட அந்த போர்டையும் எடுத்தால்தான்.